மூச்சைக் காட்டிக்கொடுத்த குழாய்

பட்டறையில் அவளுக்கு வைத்த பெயர் சாரல். கார்க் கதவோ பைக் டேங்க்கோ, அவள் கையில் ஸ்ப்ரே கன்னைக் கொடுத்துவிட்டால் போதும். வழியாது, திட்டுத் திட்டாகத் தெரியாது, பெயிண்ட் மழைச்சாரல் மாதிரி போய் உட்காரும். "சாரல் அடிச்ச கதவுல ஈ உக்காந்தா, கால் வழுக்கி இடுப்பு ஒடியும்" என்பார் நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர். அவள் காதுக்கு எட்டிய பாராட்டு அது ஒன்றுதான். ஏனென்றால் பட்டறை முதலாளி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று.

பெயிண்ட் அடிக்கும் அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதில் ஒரு காற்றாடி, பெயருக்குச் சுற்றும். மாஸ்க் இருந்தது, அதற்குள் போடுகிற வடிகட்டிதான் எப்போதோ அடைத்துப்போயிருந்தது. புதுசு வாங்கித் தரச் சொல்லி அவள் கேட்காத நாளில்லை. "ஒரு கதவு அடிக்க ஒரு மூச்சு போதாதா உனக்கு? அப்பா காலத்துல மாஸ்க்கா இருந்துச்சு?" என்பார் அண்ணன். அப்பா இருமி இருமியே போய்ச் சேர்ந்ததை அவர் வசதியாக மறந்துவிடுவார்.

அதனால் அவளாகவே ஒரு வித்தை பழகிவைத்திருந்தாள். மூச்சை நன்றாக இழுத்துக்கொள்வாள். ட்ரிகரை அழுத்தியதும் மூச்சு பூட்டிக்கொள்ளும். கதவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கை போகும். விரலை எடுத்ததும் முகத்தைத் திருப்பி, ஜன்னல் பக்கம் மூச்சை விட்டு, புதுசாக இழுத்துக்கொண்டு அடுத்த இழுப்பு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இப்படித்தான். கை வேலை செய்தால் மூச்சு நிற்கும் என்பது அவள் எலும்பிலேயே ஊறிவிட்டது.

இருந்தும் என்ன? உள்ளே போக வேண்டியது போய்க்கொண்டுதான் இருந்தது. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர் அவள்மேல் எரிந்து விழுந்தார். "இது நுரையீரலா, உங்க பட்டறைச் சுவரா? இப்ப நிறுத்தினா பொழைச்சுக்கும். இன்னும் கொஞ்ச காலம் போச்சுன்னா என்கிட்ட வராதீங்க, என்னால ஆகாது."

நிறுத்தச் சொல்வது சுலபம்! பெயிண்ட்டைத் தவிர வேறு தொழில் தெரியாதவள் எங்கே போவாள்? அந்த யோசனையோடு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோதுதான் நீச்சல் குளத்தின் கேட்டில் அந்த அட்டை தொங்கியது. பெண்கள் நேரத்துக்குப் பெண் லைஃப்கார்டு வேண்டும். நீச்சல் சோதனையில் தேறினால் மற்றதைக் குளத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள். சின்ன வயதில் கல்குவாரித் தண்ணீரில் குதித்து ஆடியவள் அவள். அட்டையைப் படித்துவிட்டு நேரே உள்ளே போய்விட்டாள்.

குளத்துப் பொறுப்பாளரை எல்லோரும் விசில் என்றே சொல்வார்கள். கழுத்தில் விசில், தோளில் நீளமான சிவப்பு மிதவை, முகத்தில் நிரந்தரக் கடுப்பு. "நீந்திக் காட்டு" என்றார். அவள் பாதிக் குளம் போனாள். அதற்குள் கால் தாழ்ந்து, வாய் திறந்து, ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள்.

"இது காலா, பாறாங்கல்லா? முதல்ல உன்னைக் காப்பாத்த ஒரு ஆள் போடணும் போல இருக்கே!"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "அடுத்த தேர்வு எப்ப சார்?" என்று கேட்டாள். அதற்கும் சிரித்தார்கள்.

சேதி அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. வீட்டில்தான் நாத்தனார் இருக்கிறாளே! வீட்டுக்காரரின் அக்கா, பள்ளிக்கூடக் காலத்தில் நீச்சலில் வாங்கிய கோப்பைகளை இன்னும் ஹாலில் துடைத்துத் துடைத்து வைக்கிறவள். மறுநாள் காலை ஒரு வலைப்பையைக் கொண்டுவந்து சாரலின் காலடியில் பொத்தென்று போட்டாள். நாத்தனாரின் மகள் நீச்சல் கிளப்பில் பழகிவிட்டுப் பாதியில் விட்டபோது மிஞ்சிய சாமான்கள். கையில் பிடிக்கிற பலகை, தொடைக்கு நடுவே இடுக்குகிற மிதவை, வாத்துக்கால் மாதிரி ரப்பர்த் துடுப்பு, உள்ளங்கையில் மாட்டும் மட்டை, நெற்றியோடு நிமிர்ந்து நிற்கிற மூச்சுக் குழாய்.

"இந்தா, வெச்சு விளையாடு. மிதக்கத் தெரியாதவங்களுக்குத்தான் இந்தப் பொம்மை எல்லாம். எங்க பரம்பரையில யாருக்கும் தேவைப்பட்டதில்ல."

"உங்க பரம்பரை மீன் பரம்பரைன்னு யாரும் சொல்லலையே அண்ணி. முன்னாடியே தெரிஞ்சிருந்தா வீட்டுல ஒரு தொட்டி கட்டி வெச்சிருப்பேன்" என்றாள் சாரல்.

மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கும் வீட்டுக்காரர், செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டார். கடையில் வாங்க ஒன்றுமில்லை.

அவமானப்படுத்த வீசிய பைதான். ஆனால் சாரல் தொழில்காரி. சாமானைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு தினமும் காலையில் குளத்தில் இறங்கினாள்.

முதலில் ரப்பர்த் துடுப்பு. அடடா, என்ன வேகம்! தண்ணீர் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. போய்த் திரும்பியும் வந்தாள். துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. கழற்றிவிட்டு நீந்திப் பார்த்தால் பழைய பாறாங்கல் பத்திரமாக அப்படியே இருந்தது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதை. அதைத் திரும்பப் பைக்குள் போட்டாள்.

பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் உதைத்தாள். கழுத்து வலித்தது, ஆனாலும் நகர்ந்தாள். அப்படியென்றால் உதைக்கிற காலில் குறையில்லை. கை மட்டையை மணிக்கட்டு வார் போடாமல் விரலில் மட்டும் மாட்டினாள். வலக்கையில் ஒட்டிக்கொண்டது, இடக்கையில் ஒவ்வொரு இழுப்புக்கும் நழுவியது. மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான், இடக்கை தண்ணீரைப் பின்னால் தள்ளாமல் பக்கவாட்டில் கிழிக்கிறது என்று பிடிபட்டது. கையைத் திருத்தியதும் மட்டை நின்றுவிட்டது. பிறகு தொடை மிதவை. இடுப்பு ஜம்மென்று மேலே வந்தது, காலுக்கு வேலையே இல்லை. ஆனாலும் பாதிக் குளத்தில் அதே மூச்சுத் திணறல்!

அங்கேதான் அவள் நின்று யோசித்தாள். மிதவை காலைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. கை சரியாகிவிட்டது. பிறகும் திணறுகிறது என்றால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

விசிலுக்குப் பொறுக்கவில்லை. கரையில் வந்து நின்று குளம் அதிரக் கத்தினார். "இது குளமா, பொம்மைக் கடையா? மிதவை வெச்சு நீந்துறது நீச்சலே இல்ல, ஏமாத்து! தண்ணியில தூக்கிப் போட்டா தானா வரணும்!"

"உங்க தோள்ல தொங்குதே, அது என்ன சார்?"

"இது ஆளைக் காப்பாத்த!"

"நானும் ஒரு ஆளைத்தான் சார் காப்பாத்திட்டிருக்கேன்."

"வாய் மட்டும் நல்லா மிதக்குது உனக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவள் வரும்போதெல்லாம் அவர் விசில் கொஞ்சம் கூடுதலாக அலறும்.

கடைசியாக மிஞ்சியது குழாய். அதை அவள் ஒதுக்கியே வைத்திருந்தாள். தலையைத் திருப்பாமல் மூச்சு விட ஒரு குழாய், சோம்பேறிச் சாமான் என்று அவளே நினைத்திருந்தாள். வாயில் கவ்விக்கொண்டு, முகத்தைத் தண்ணீரில் வைத்து, கையைப் போட்டாள். மூச்சு விடுகிறவன் குழாய்க்குள் 'உஸ் உஸ்' என்று சத்தம் கேட்க வேண்டும் இல்லையா? இவள் குழாயில் சத்தமே இல்லை. கை இழுக்கும் நேரம் முழுக்க மயான அமைதி. கை தண்ணீரைவிட்டு வெளியே வந்தபோது மட்டும், வெடித்த டியூப் மாதிரி ஒரு 'புஸ்!' உடனே அவசரமாக ஒரு இழுப்பு. மறுபடி அமைதி.

அந்தத் தாளம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த தாளம்.

குளத்துக்கு நடுவில் நின்றுவிட்டாள். குழாயைத் துப்பினாள். தண்ணீருக்குள் இருந்த தன் வலது ஆள்காட்டி விரலைப் பார்த்தாள். அது ட்ரிகரை அழுத்துகிற மாதிரி வளைந்தே இருந்தது! இங்கே பெயிண்ட் இல்லை, புகை இல்லை, அடிக்கக் கதவு இல்லை. ஆனாலும் கை ஓடினால் மூச்சைப் பூட்டு என்று உடம்பு கட்டளை போட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. நெஞ்சில் காற்றை அடைத்துவைத்தால் நெஞ்சு பலூனாக மேலே நிற்கும். சீசா பலகை மாதிரி கால் கீழே போகும். விடாத மூச்சின்மேல் புது மூச்சு எப்படி இறங்கும்? பாறாங்கல் காலில் இல்லை, நெஞ்சுக்குள் இருந்திருக்கிறது. பட்டறை அவளோடு தண்ணீருக்குள்ளேயே இறங்கி வந்திருக்கிறது!

கண்ணில் நீர் முட்டியது. குளத்தில் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது? அழுதாள்.

அன்று கரையேறியபோது விசில் வழக்கம்போல வாயைத் திறந்தார். "என்ன, இன்னைக்குக் குழாய் மிதக்க வெச்சுதா?"

"இது மிதக்க வெக்காது சார். காட்டிக்கொடுக்கும்" என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை. விளங்காததை அவர் எப்போதும் கோபமாக மாற்றிக்கொள்வார். மாற்றிக்கொண்டார்.

அதன்பிறகு சாரல் செய்ததெல்லாம் ஒன்றுதான். குழாயைக் கவ்விக்கொண்டு, கை இழுக்கும் நேரம் முழுக்க 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே மூச்சை வெளியே விட்டாள். முனகல் நின்றால் மூச்சு பூட்டிவிட்டது என்று அர்த்தம். காதே காவல்காரன். "யாரும்மா அது, குளத்துக்குள்ள மிக்ஸி ஓட்டுறது?" என்று ஒரு பெண் கேட்டாள். ஓட்டட்டும்! மிக்ஸி ஓட ஓட, நெஞ்சு இறங்கியது, கால் தானாக மேலே வந்தது. ஒரு நாள் குளத்தின் அந்தக் கரை, தேடிப் போகாமலே கையில் வந்து இடித்தது. குழாயைக் கழற்றி வைத்தும் முனகிப் பார்த்தாள். மூச்சு அறுபடவில்லை.

ஆனால் ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்குமா?

சில நாளாகத் தேய்ப்பு வேலை மட்டுமே இருந்த பட்டறைக்கு அந்த வாரமே ஒரு கறுப்புக் கார் வந்தது. பட்டி பார்த்து, தேய்த்து, கண்ணாடியாக நின்றது பானெட். சாரல் மூச்சை இழுத்தாள், ட்ரிகரை அழுத்தினாள், கை கிளம்பியது. கூடவே 'ம்ம்ம்' என்று மூச்சும் கிளம்பிவிட்டது! நெஞ்சு காலியாகி, கை பாதி வழியில் இருக்கும்போதே உடம்பு புது மூச்சை இழுத்துக்கொண்டது. இழுத்தது காற்றா? பெயிண்ட்டும் தின்னரும். இருமல் பிடித்து உலுக்கியது, கை ஒரே இடத்தில் நின்றது. கறுப்பு வழிந்து பம்பர்வரை ஓடியது.

அண்ணன் பாய்ந்து வந்தார். "என்னடி இது? சாரலாம் சாரல்! அடைமழை கொட்டியிருக்கு!"

"மூச்சு போயிடுச்சுண்ணா."

"குளத்துல போய்க் கூத்தடிச்சா போகத்தான் செய்யும். இனிமே அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அவள் பானெட்டைத் தேய்த்து, பல்லைக் கடித்து மூச்சைப் பூட்டி, மறுபடி அடித்து முடித்தாள். கார் பளபளவென்று போனது. மறுநாள் காலை குளத்தில் இறங்கினால், மூச்சு பூட்டிக்கொண்டே நின்றது. முனகல் வரவில்லை. கால் கீழே போனது. பட்டறையில் ஒரு நாள் அடித்தால் குளத்தில் இரண்டு நாள் பாழ். குளத்தில் பழகினால் பட்டறையில் நெஞ்சுக்குள் விஷம். இரண்டையும் வைத்துக்கொண்டு சோதனைக்குப் போனால் இரண்டிலும் மூழ்குவாள்.

சோதனையில் தேறிவிட்டு வேலையை விடலாம் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். அது நடக்காது. வேலையை விட்டால்தான் தேறவே முடியும். தேறாவிட்டால்? அந்தக் கேள்வியோடேதான் அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"இன்னையிலிருந்து நான் கன் பிடிக்கலண்ணா."

"எந்த நம்பிக்கையில? பொம்மையை வெச்சு நீந்துறவளுக்கு எவன் வேலை குடுப்பான்?"

"குடுக்கலன்னா வேற பாத்துக்கறேன்."

"அப்பா தொழில்டி இது!"

"அப்பாவைக் கொண்டுபோனதும் இதுதான்."

அண்ணன் முகம் ப்ரைமர் அடித்த மாதிரி வெளிறியது. "போ. ஆனா குளத்துல துரத்திவிட்டா இந்த வாசலை மிதிக்காத. தங்கச்சின்னுகூடப் பாக்க மாட்டேன்" என்றார். அவள் கன்னைக் கழுவி, மாட்டுகிற ஆணியில் மாட்டிவிட்டு நடந்தாள். கன்னை அழுக்கோடு விட்டுவிட்டுப் போக மட்டும் அவளுக்கு வரவில்லை.

சோதனை நாளன்று நாத்தனார் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வேடிக்கை பார்க்கத்தான், ஒளிக்கவும் இல்லை. விசில் சோதனைக்கு வந்தவர்களை நிற்கவைத்துச் சட்டம் சொன்னார். "நிக்காம நீந்தணும். கம்பியைத் தொட்டா வெளிய. அடியில கெடக்குற பொம்மை ஆளை எடுத்துட்டு வரணும்." சாரலைப் பார்த்து, "உன் பொம்மைப் பைக்கு இங்க இடமில்ல" என்று தனியாக ஒரு ஊசி குத்தினார்.

குதித்தாள். கரைக்குக் கரை முதல் சில நீளம் நன்றாகவே போனது. பிறகு விசில் வேண்டுமென்றே கூடவே நடந்து, "கால்! கால்!" என்று கத்த ஆரம்பித்தார். காலை நினைத்தாள். அவ்வளவுதான், நெஞ்சு பூட்டிக்கொண்டது. விரல் வளைந்தது. தண்ணீர் கனத்தது. கம்பி கைக்கெட்டும் தூரத்தில், பிடித்துக்கொள் என்கிற மாதிரி வழவழவென்று நின்றது. குழாய் இல்லை, உள்ளே நடப்பதைக் காட்டிக்கொடுக்க யாரும் இல்லை. சத்தமில்லாத அந்த அமைதியை மட்டும் அவள் காது அடையாளம் கண்டது. ஆகா, பட்டறை வந்துவிட்டது!

விரலை நீட்டினாள். தண்ணீருக்குள் வாய்விட்டு, தொண்டை கிழிய, "ம்ம்ம்ம்" என்றாள். குமிழி குமிழியாக முகத்தில் வெடித்தது. இன்னொரு முறை. இன்னொரு முறை. கால் மெல்ல மெல்ல மேலே வந்தது. அதன்பிறகு விசில் கத்தினாரா, உலகம் இருந்ததா, எதுவும் அவளுக்குத் தெரியாது. நீளங்களை முடித்து, முங்கி, பொம்மை ஆளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மேலே வந்தபோது, கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை.

விசில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். குறை எதுவும் அகப்படவில்லை. "தண்ணிக்குள்ள மாடு கத்துற மாதிரி கத்துற" என்றார்.

"மாடு கரை சேர்ந்துடுச்சு சார்."

"நாளைக்கு வா. ஆனா அந்தப் பொம்மைப் பை என் குளத்துக்குள்ள வரக் கூடாது."

"பெண்கள் நேரத்துல காவல் நாற்காலியில நான்தானே இருப்பேன்? அப்பப் பாத்துக்கலாம் சார்."

நாத்தனார் எழுந்து வந்தாள். பாராட்டவா? "என் பையை எப்பத் திருப்பித் தரப்போற?"

"மத்ததெல்லாம் எடுத்துக்கோங்க அண்ணி. குழாய் மட்டும் என் எச்சில் பட்டது. உங்க பரம்பரைக்கு ஒத்துக்காது."

வேலைக்குச் சேர்ந்த சில நாளிலேயே அண்ணன் வந்தார். பெண்கள் நேரம் என்பதால் உள்ளே விடவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், தட்டி மறைப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு கூப்பிட்டார். சாரல் தட்டிக்கு மேலே தெரிகிற உயரமான காவல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண் தண்ணீரில். கண்ணை எடுக்கக் கூடாது என்பது அந்த நாற்காலியின் சட்டம்.

"ஏய், உன்னைத்தான். புது ஆள் அடிச்ச கதவெல்லாம் திரும்பி வருது. ஒரு காரை மட்டும் முடிச்சுக் குடு. ஒண்ணே ஒண்ணு."

"முடியாதுண்ணா."

"பேசும்போது மூஞ்சியைப் பாத்துப் பேசு!"

"வேலையில இருக்கேன்."

"கூடப்பிறந்தவன் வாசல்ல நிக்கிறேன், திரும்பக்கூட மாட்டியா? அவ்வளவு திமிரா?"

ஆழமான பக்கத்தில் ஒரு பெண் கம்பியை விட்டுக் கையை எடுத்தாள். முகம் தண்ணீருக்குள் போனது. சாரல் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தாள், மிதவையின் வாரைப் பிடித்தாள், அந்தத் தலை இருந்த இடத்தையே பார்த்தாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் இன்னும் ஏதோ திட்டிக்கொண்டிருந்தார். பெண்ணின் வாயோரம் குமிழிகள் கிளம்பி வந்தன. தலை வெளியே வந்து, மூச்சு வாங்கி, மறுபடி உள்ளே போனது.

திட்டு எப்போது நின்றது என்று சாரலுக்குத் தெரியாது. அவர் போய்விட்டாரா, இன்னும் நிற்கிறாரா என்றும் தெரியாது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.